மூக்கன்கரட்டுத் தாய்மாமன்

கனிமொழிக்குக் காது குத்தியபோது அவளை மடியில் வைத்திருந்தது ஒரு கரடி. ஆனி மாதம், வளர்பிறை, நல்ல நேரம் முடியச் சற்று முன்பு. இடம் புங்கங்கொட்டாய் மாரியம்மன் கோயில் வாசல். காரிமங்கலத்திலிருந்து வரும் மினி பஸ் திரும்பிப் போகும் இடத்துக்கு எதிரே. கரடி ஆண், வயது வந்தது, நெஞ்சில் வெள்ளைக் கோடு ஒன்று வளைந்து கிடந்தது. அது ஊருக்கு மேலே நிற்கும் மூக்கன்கரடு என்கிற பாறைக் குன்றிலிருந்து நடந்து வந்து, தாய்மாமனுக்கென்று விரித்து வைத்திருந்த ஜமுக்காளத்தில் உட்கார்ந்து, பின்னங்கால்கள் இரண்டையும் முன்னால் நீட்டிக்கொண்டது. வாயில் கவ்வி வந்த நாவல் கொம்பை வரிசைத் தட்டுகளுக்குப் பக்கத்தில் போட்டது. கொம்பு நிறையப் பழம். கூட்டம் மொத்தமும் கோயிலுக்குப் பின்னால் ஓடிப்போய் அங்கிருந்து எட்டிப் பார்த்தது. ஓடாமல் நின்றவர்கள் இரண்டு பேர். ஒருத்தி பிள்ளையின் அம்மா செல்லி. இன்னொருவர் தர்மபுரியிலிருந்து வந்திருந்த ஆசாரி. அவருக்கு இதை முடித்துவிட்டு நல்லம்பள்ளியில் இன்னொரு வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. "புள்ளையக் குடும்மா, நேரமாவுது" என்றார். செல்லி பிள்ளையைக் கரடியின் மடியில் வைத்தாள். இரண்டு காதும் குத்தி முடித்தபோது பிள்ளை ஒரு நாவல் பழத்தைச் சப்பிக்கொண்டிருந்தது. கரடி எழுந்து வந்த வழியே போயிற்று. பிறகு பந்தி போட்டார்கள். அன்றைக்குத் தக்காளி விலை படுத்துவிட்டிருந்ததால் பந்தியில் பாதிப் பேர் அதைப் பற்றித்தான் பேசினார்கள்.

வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டதும், அது யார் வளர்த்த கரடி, சர்க்கஸ் கரடியா, வித்தை காட்டுகிறவர்களுடையதா என்று ஆரம்பிப்பார்கள். மூக்கன்கரட்டுக் கரடிகளை யாரும் வளர்த்ததில்லை. கரடி என்றால் என்னவென்று எங்களுக்கும் தெரியும். சுள்ளி பொறுக்கப் போய் முகத்தில் பாதியை அங்கேயே விட்டுவிட்டு வந்தவர்கள் சுற்றுவட்டாரத்தில் இருக்கிறார்கள். அவர்கள் சந்தைக்கு வரும்போது துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வருவார்கள். ஆகவே கரடி நல்லது, சாது, தெய்வம் என்றெல்லாம் இங்கே ஒருவரும் சொல்லவில்லை. எங்களுடைய குழப்பம் வேறு. அது முறை சம்பந்தப்பட்ட குழப்பம்.

செல்லி பொம்மிடிப் பக்கத்துப் பெண், ஒரே பிள்ளை. அவளுடைய கல்யாணத்துக்குப் பிறகு அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தார்கள். அவர்கள் குடியிருந்த இடத்தைப் பங்காளிகள் கம்பி வேலி போட்டு வளைத்துக்கொண்டார்கள். கூடப்பிறந்தவன் இல்லாத பெண்ணுக்கு நம் பக்கத்தில் என்ன குறை என்று ஆண்பிள்ளைகளைக் கேட்டால் ஒன்றுமில்லை என்பார்கள். பெண்களைக் கேட்க வேண்டும். புருஷன் ஒரு வார்த்தை அதிகம் பேசினால் கோபித்துக்கொண்டு போவதற்கு ஒரு வீடு வேண்டும். போகிறாளோ இல்லையோ, "எங்கண்ணன் வூட்டுக்குப் போறன்" என்று ஒருதரம் சொல்லிப் பார்க்கவாவது வேண்டும். செல்லிக்கு அது இல்லை என்பது அவள் புருஷன் முருகேஷுக்கு நன்றாகத் தெரியும். அவன் கெட்டவன் இல்லை. மாந்தோப்பு குத்தகைக்கு எடுப்பான், கரட்டின் அடிவாரத்தில் ஒரு துண்டு நிலம் இருந்தது, குடி கிடையாது. ஆனால் எல்லாருக்கும் மாமியார் வீட்டுச் சீர் வந்ததே, பொங்கலுக்கு வேட்டி வந்ததே, தீபாவளிக்கு மச்சான் பைக்கில் வந்து இறங்கினானே, எனக்கு மட்டும் என்ன வந்தது என்பது அவன் நெஞ்சில் முள்ளாகவே இருந்தது. சோற்றில் உப்பு குறைந்தாலும் பேச்சு கடைசியில் அங்கேதான் வந்து நிற்கும். செல்லி கழுநீரை எடுத்துக்கொண்டு மாட்டுக்கு வைக்கப் போய்விடுவாள்.

கனிமொழி வயிற்றில் இருந்தபோது ஒரு காலையில் செல்லி கரட்டுக்குச் சுள்ளி பொறுக்கப் போனாள். இலந்தைப் புதருக்கு அந்தப் பக்கம் கரடி எழுந்து இரண்டு காலில் நின்றது. கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் யாரும் இல்லை. நம் பெண்களுக்குப் பழக்கம் ஒன்று உண்டு. முன்பின் தெரியாத ஆண் யாராக இருந்தாலும், பஸ் கண்டக்டரோ, ரேஷன் கடைக்காரரோ, கரண்ட் பில் எடுக்க வருபவரோ, முதல் வார்த்தை அண்ணா என்பதுதான். அந்த ஒரு வார்த்தையில் எதிராளி பாதி அடங்கிவிடுவான் என்பது அவர்கள் கணக்கு. பயத்தில் செல்லிக்கு அந்தப் பழக்கம்தான் வாயில் வந்தது. "அண்ணா, ஒண்ணும் பண்ணிடாதண்ணா. வாயும் வவுறுமா இருக்கறன்" என்றாள். கரடி கொஞ்ச நேரம் அவளைப் பார்த்தது. பிறகு முன்னங்கால்களை இறக்கி வைத்து, ஒரு கறையான் புற்றை முகர்ந்து பார்த்துவிட்டு, மேலே ஏறிப் போய்விட்டது. செல்லி சுள்ளியை அங்கேயே போட்டுவிட்டு வந்து இதை வீட்டில் சொன்னபோது முருகேஷ் சிரித்தான். அவளும் சிரித்தாள். இரண்டு பேரும் அதோடு அதை மறந்துவிட்டார்கள்.

காது குத்துக்கு மடி கொடுப்பதாக இருந்தவன் இளம்பரிதி. செல்லியின் அம்மா வழியில் ஒன்றுவிட்ட அண்ணன் முறை, ஓசூரில் கம்பெனி வேலை. அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. போன் வந்தபோது பிள்ளைக்கு மொட்டை அடித்து, சந்தனம் தடவி, சட்டையும் போட்டாகிவிட்டது. தாய்மாமன் மடி இல்லாமல் காது குத்துவதில்லை. முருகேஷ் எல்லார் எதிரிலும் வாய்விட்டே சொன்னான்: "இவ பக்கத்துல எவன் இருக்கறான் வர்றதுக்கு." செல்லி தலையைக் குனிந்துகொண்டாள். கரடி வந்தது அப்போதுதான். செல்லி அன்று கரட்டில் கூப்பிட்டது ஒரே ஒரு வார்த்தை. அதை அது இத்தனை நாள் வைத்திருந்தது என்று வைத்துக்கொள்ளலாம், அல்லது வேறு எதற்கோ வந்தது என்றும் வைத்துக்கொள்ளலாம். இரண்டுக்கும் ஊரில் ஆட்கள் இருந்தார்கள்.

மறுநாளிலிருந்து குழப்பம் தொடங்கியது. செல்லிக்கு அண்ணன் என்றால் முருகேஷுக்கு மச்சான். முருகேஷின் தம்பிமார்களுக்கும் மச்சான். அவர்கள் பிள்ளைகளுக்கு மாமன். முருகேஷின் தங்கைகளுக்கோ கட்டிக்கொள்ளும் முறை. அதில் ஒருத்தி அன்று முதல் கரட்டுப் பக்கம் ஆடு ஓட்டிக்கொண்டு போகவே கூச்சப்பட்டாள். மேல்கொட்டாயில் கன்னடம் பேசும் வீடுகள் உண்டு. அவர்கள் தங்கள் கணக்குப்படி அதைப் பாவா, அதாவது மச்சான், என்றார்கள். ஊர்ப் பெரியதனம் மாதையன் இந்த விஷயத்தில் யாருக்கும் விட்டுக்கொடுக்காதவர். நாற்பது ஊர்க் கல்யாணங்களில் யார் யாருக்கு என்ன முறை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார். அவரே தடுமாறினார். உயர்நிலைப்பள்ளியில் அறிவியல் நடத்தும் நிர்மலாதேவி டீச்சர் பஸ்ஸுக்கு நின்றிருந்தபோது அவரைப் பிடித்துக் கேட்டார். டீச்சர் பொறுமையாக, மனுசனும் கரடியும் வேறு வேறு இல்லைங்க, ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னாடி ரெண்டுக்கும் ஒரே மூதாதைதான், எல்லா உயிருக்குமே அப்படித்தான் என்று சொன்னார்.

"ஒரே பாட்டன்னா அப்ப பங்காளியாங்க?" என்றார் மாதையன்.

"அப்புடி வெச்சுக்கலாங்க" என்றார் டீச்சர், பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே.

"பங்காளின்னா தாய்மாமன் ஆவ முடியாதுங்களே. அப்பறம், எல்லாத்துக்கும் ஒரே பாட்டன்னு சொல்றீங்க. அப்ப எனுக்கும் எஞ் சம்சாரத்துக்கும் நடந்தது என்னாங்க?"

பஸ் வந்தது, டீச்சர் ஏறிக்கொண்டார். மாதையன் அன்றைக்கு வீட்டில் சாப்பிடாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்ததாகச் சொல்கிறார்கள். மனிதன் எங்கே நிற்கிறான், மற்றவை எங்கே நிற்கின்றன என்பதை அவர் அதுவரை யோசித்ததில்லை. நாம் நடுவில், மற்றதெல்லாம் சுற்றி என்றுதான் எல்லாரையும் போல அவரும் இருந்தார். கடைசியில் அவர் சொன்ன தீர்ப்பு, கூப்பிட்ட முறைதான் முறை என்பது. செல்லி அண்ணா என்று கூப்பிட்டாள், அது வந்து மாமன் காரியத்தைச் செய்துவிட்டுப் போனது, இனி அதை மாற்ற யாருக்கும் உரிமை இல்லை. சரி, மாற்ற வேண்டாம் என்று ஊரும் விட்டுவிட்டது.

அதன்பிறகு வருடங்கள் ஓடின. பொங்கல், தீபாவளி, மாரியம்மன் பண்டிகை எது வந்தாலும் செல்லி முதல் நாளே கரட்டு அடிவாரத்துப் பாறையில் வெற்றிலை பாக்கு வைத்துவிட்டு வருவாள். தாய்மாமனை நேரில் போய் அழைக்காவிட்டால் மரியாதை இல்லை. காலையில் வெற்றிலை இருக்காது. வெள்ளாடு தின்றிருக்கும் என்பார்கள் சிலர். ஆனால் விசேஷத்தன்று விடிந்தால் முருகேஷின் களத்து ஓரத்தில் ஏதாவது இருக்கும். தேனடை, சீத்தாப்பழம், இலுப்பைப் பூ, ஒரு வருடம் வேரோடு பிடுங்கிய கிழங்கு. சில வருடம் கரடியே வந்து களத்தில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போகும். செல்லி ராகிக் களியும் கீரைக் குழம்பும் வைப்பாள், சாப்பிடும். அவள் பேசுவாள், அது கேட்கும், அல்லது கேட்பதுபோல இருக்கும். வீட்டில் அவள் குரல் கொஞ்சம் பெரிதானதை எல்லாரும் கவனித்தார்கள். முருகேஷ் ஒரு வார்த்தை சொன்னால், "எங்கண்ணங்கிட்டச் சொல்லட்டுமா?" என்று சிரித்துக்கொண்டே கேட்பாள். கேட்க ஒரு அண்ணன் கிடைத்ததில் அவளுக்கு இருந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

முருகேஷுக்கும் சந்தோஷம்தான். எத்தனையோ வருடம் காத்திருந்த சீர் வர ஆரம்பித்தது. ஆனால் மாப்பிள்ளைகளின் குணம் தெரிந்ததுதானே. தேனடை வந்தபோது போன தடவையைவிடச் சின்னது என்றான். சீத்தாப்பழம் வந்தபோது கறுத்திருக்கிறது என்றான். பிறகு கொடுப்பதை வாங்கிக்கொள்வதைவிட எடுத்துக்கொள்வது சுலபம் என்று தோன்றிவிட்டது. மச்சான் கரடுதானே என்று சொல்லிக்கொண்டு மேலே போய் மரம் வெட்டினான். நிலத்தின் மேல் எல்லையை வருடத்துக்குக் கொஞ்சமாகச் சரிவில் ஏற்றினான். இலந்தையை அழித்தான், நாவலை அறுத்துக் கதவு செய்தான், ஜேசிபி வைத்துக் கறையான் புற்றுகளை நிரவிச் சாமந்தி நட்டான். சாமந்தி நன்றாக வந்தது. பக்கத்துக்காரர்கள் கேட்டபோது, "எம் மச்சானே ஒண்ணுஞ் சொல்லல, உங்களுக்கென்னாங்க?" என்றான். அவர்களும் நமக்கும் அது ஏதோ ஒரு வகையில் முறைதானே என்று தத்தம் பக்கத்தில் ஏற்றிக்கொண்டார்கள். அதில் மாதையனும் உண்டு. இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது, ஆனால் அந்தச் சாமந்தியைத்தான் என் வீட்டுச் சாமிக்கும் போட்டோம். செல்லி மட்டும் வேண்டாமென்று சொல்லிப் பார்த்தாள். "அண்ணன் வூட்டுக் கூரையப் பிரிக்கறீங்க" என்றாள். அவன் காதில் அது ஏறவில்லை.

கனிமொழி மூன்றாம் வகுப்பு படிக்கும்போது கரடிகள் கீழே இறங்க ஆரம்பித்தன. விசேஷம் இல்லாத நாட்களிலும் வந்தன, மாந்தோப்பில் புகுந்தன, கோழிக்கு வைத்த தவிட்டைத் தின்றன. மாம்பழக் காலத்தில் ஒரு விடியற்காலை, தோப்புக் காவலுக்குப் படுத்திருந்த தர்மன் எழுந்து வாய்க்காலுக்குப் போனபோது ஒரு கரடி அவன் மேல் விழுந்தது. தர்மன் முருகேஷின் சித்தப்பா மகன். உயிர் இருந்தது, இடது கண் இல்லை, கன்னம் இல்லை. சேலத்துக்குக் கொண்டுபோனார்கள். முறைப்படி பார்த்தால் அவனுக்கும் அது மச்சான்தான். மச்சான் மச்சானை அடிப்பது புதிதில்லை என்று யாரோ சொல்லப்போக, தர்மனின் அம்மா மண்ணை வாரி இறைத்தாள்.

காட்டிலாகா ஆட்கள் இரும்புக் கூண்டு கொண்டுவந்தார்கள். அவர்கள் வேலை அவர்களுக்கு. பிடித்துத் தூரத்துக் காட்டில் விட்டுவிடுவோம், ஒன்றும் செய்யமாட்டோம், எந்த வழியாக வரும் என்று மட்டும் காட்டுங்கள் என்றார்கள். வழி தெரிந்தவன் முருகேஷ். ஆஸ்பத்திரியில் தர்மனைப் பார்த்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தான். களத்து ஓரத்தில் கூண்டை வைக்கச் சொன்னான். உள்ளே என்ன வைப்பது என்று கேட்டார்கள். வீட்டுக்குள் போய், போன பண்டிகைக்கு வந்து உறியில் தொங்கிக்கொண்டிருந்த தேனடையை எடுத்து வந்து கொடுத்தான்.

காலையில் கூண்டில் ஒரு கரடி இருந்தது. ஆண், வயது வந்தது, நெஞ்சில் வெள்ளைக் கோடு. ஊர் கூடி நின்றது. இது மச்சானா, தர்மனை அடித்ததா, இரண்டும் ஒன்றா, இரண்டுமே இல்லாத மூன்றாவதா என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். கோட்டை வைத்து அடையாளம் சொல்ல முடியுமா என்று மாதையன் கேட்டதற்கு, எல்லாக் கரடிக்கும் அந்தக் கோடு உண்டு என்று காட்டிலாகா ஆள் சொன்னார். அது எங்களில் யாருக்கும் தெரியாது. இத்தனை வருடம் அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் மச்சான் வருகிறார் என்று வழிவிட்டிருந்தோம். செல்லியைக் கூப்பிட்டார்கள். அவள் கூண்டுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தாள். "அண்ணா" என்றாள். கரடி கம்பியைக் கடித்தது. திரும்பவும் "அண்ணா" என்றாள். அது அவளைப் பார்த்த மாதிரியும் இருந்தது, அவளுக்குப் பின்னால் நின்ற கூட்டத்தைப் பார்த்த மாதிரியும் இருந்தது. அவள் எழுந்து நின்றாள். "தெரியலைங்க" என்றாள், அழுதாள். "எனுக்கே தெரியலைங்க." கூடப்பிறந்தவனை அடையாளம் தெரியாமல் போகுமா என்று அவளை அவளே கேட்டுக்கொண்ட மாதிரி இருந்தது. கூண்டை லாரியில் ஏற்றிக் கொண்டுபோனார்கள்.

அதன்பிறகு அவள் கூண்டு இருந்த இடத்தில் மெழுகும் தேனும் அப்பிக் கிடப்பதைப் பார்த்தாள். வீட்டுக்குள் போய் உறியைப் பார்த்தாள். வாசலில் நின்ற முருகேஷிடம் வந்து, கல்யாணமான நாளிலிருந்து முதன்முறையாக, "நீ" என்றாள். "எங்கண்ணன் எம்மவளுக்குக் குடுத்தத வெச்சு எங்கண்ணனையே புடிச்சுக் குடுத்திருக்கறியே, நீ மனுசனா?"

"அது உங்கண்ணன்னு யாரு சொன்னா? உனுக்கே தெரியலன்னு இப்பத்தான் சொன்ன" என்றான் அவன்.

"தெரியலதான். தெரியாமத்தான் நீயும் குடுத்த."

துணிப்பையில் நாலு புடவையும் பிள்ளையின் யூனிபார்மும் எடுத்து வைத்துக்கொண்டாள். எங்கே போகிறாய் என்று அவன் கேட்டான். பொறந்த வூட்டுக்கு என்றாள். பொம்மிடியில் உனக்கு என்ன இருக்கிறது என்றான். அவள் பஸ் நிற்கும் பக்கம் போகவில்லை. கனிமொழியின் கையைப் பிடித்துக்கொண்டு, சாமந்தி வயலின் நடுவே நடந்து, அதன் மேல் எல்லையைத் தாண்டி மூக்கன்கரட்டின் மேல் ஏறினாள். ஊர் பார்த்துக்கொண்டு நின்றது. போய்த் தடுக்கலாம் என்று சிலருக்குத் தோன்றியது. ஆனால் பிறந்த வீட்டுக்குப் போகிற பெண்ணை நடுவழியில் மறிப்பது எந்த முறையிலும் இல்லை.

இரண்டு நாளில் இறங்கிவிடுவாள் என்றான் முருகேஷ். இறங்கவில்லை. கரட்டின் மூக்குப் பாறையில் காலையில் புடவை காய்ந்தது, மாலையில் எடுத்தாகியிருந்தது. அடுப்புப் புகை தெரிந்தது. கனிமொழி மட்டும் தினமும் பள்ளிக்கூட நேரத்துக்குத் தலை பின்னி, யூனிபார்ம் போட்டு, பையை மாட்டிக்கொண்டு இறங்கி வந்தாள். அடிவாரம் வரை புதர் அசைந்துகொண்டு வரும். அதற்குப் பிறகு தனியாக நடப்பாள். மணி அடித்ததும் ஏறிப் போய்விடுவாள். நடுவில் அப்பன் எதிர்ப்பட்டால் நின்று பேசுவாள். "அம்மா என்னா பண்றா?" என்று கேட்பான். "மாமா வூட்டுல இருக்குது" என்பாள். "எந்த மாமா?" என்றால், பெரிய மாமா, சின்ன மாமா, அத்தை, எல்லாரும் இருக்கறாங்க என்று சொல்லிவிட்டு ஓடிவிடுவாள். டீச்சர்மார்கள் வருகைப் பதிவேட்டைப் பார்த்தார்கள். முன்பைவிட ஒழுங்காக இருந்தது. ஆகவே யாரும் மேலே கேட்கவில்லை.

முருகேஷ் தானே களி கிண்டிச் சாப்பிட்டான், அடிப்பிடித்தது. சாமந்தியைப் பறிக்க ஆள் வைத்தான், பாதி வாடியது. சாயங்காலத்தில் களத்தில் உட்கார்ந்து கரட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். கண் கட்டோடு வீடு திரும்பியிருந்த தர்மன்தான் அவனிடம், "போயி கூட்டியா. மாமன் மச்சான் சண்டைக்கு அவ என்னா பண்ணுவா?" என்றான். அது அவன் வாயிலிருந்து வந்ததுதான் முருகேஷை எழுப்பியது. கோபித்துக்கொண்டு போன பெண்டாட்டியை அழைத்துவர ஒரு வழி இருக்கிறது. பெரிய மனுசர் ஒருவர் கூட வர வேண்டும், வெற்றிலை பாக்கு பழம் கொண்டுபோக வேண்டும், மச்சான் என்ன கேட்டாலும் வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொள்ள வேண்டும். முருகேஷ் வேட்டி கட்டினான். மாதையனைக் கூப்பிட்டான். மாதையனுக்கு முழங்கால் வலி, பயம் வேறு. ஆனாலும் தீர்ப்பு சொன்னவர் அவர்தான், மறுக்க முடியவில்லை.

மேலே போனபோது வெயில் நன்றாக ஏறியிருந்தது, கனிமொழி பள்ளிக்கூடம் போயிருந்தாள். மூக்குப் பாறைக்குப் பின்னால் குகைபோல ஒரு இடம், முன்னால் பெருக்கிச் சாணி தெளித்த வாசல். வாசலில் கரடி ஒன்று உட்கார்ந்திருந்தது. சற்றுத் தள்ளி இன்னும் இரண்டு மூன்று கிடந்தன. லாரியில் போனது திரும்பி வந்ததா, இது அதன் தம்பியா, பங்காளியா என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. அண்ணன் ஊரில் இல்லாவிட்டால் அவன் வகையில் ஒருவன் அந்த இடத்தில் உட்காருவது நம் பக்கத்திலும் வழக்கம்தான் என்று மாதையன் முருகேஷின் காதில் சொன்னார். செல்லி வெளியே வந்து, "வாங்க" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். பாறையில் இலை போட்டு, கிழங்கும் தேனும் வைத்தாள். முதலில் மாப்பிள்ளைக்கு வைத்தாள். பிறகுதான் மற்றவர்களுக்கு. கரடி வீட்டார் தள்ளி உட்கார்ந்து, அவன் தின்று முடிக்கட்டும் என்று காத்திருந்தார்கள். முருகேஷுக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது. இத்தனை வருடம் ஊரில் உட்கார்ந்து அது நமக்கு என்ன முறை என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். இங்கே அவனுக்கு என்ன முறை என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அவன் பெண் எடுத்தவன். வந்து வந்து வாங்கிக்கொண்டு போகிறவன். பெண் அங்கே வாழ வேண்டுமே என்பதற்காக எதைச் செய்தாலும் பொறுத்துக்கொள்கிறார்கள்.

மாதையன், "ஏதோ ஆம்பள, அறியாமப் பண்ணிட்டான், நீங்கதான் மனசு வெச்சு..." என்று ஆரம்பித்தார். கரடி அவரைப் பார்க்கவில்லை. அது முருகேஷைப் பார்த்துக்கொண்டிருந்தது. சத்தம் போடுகிற மச்சானாக இருந்தால் பதிலுக்குச் சத்தம் போடலாம். கையை ஓங்குகிறவனாக இருந்தால் ஓடிவிடலாம். ஒன்றுமே பேசாமல் உட்கார்ந்திருக்கிறவனை என்ன செய்வது? முருகேஷ் பேசினான். தர்மனைப் பார்த்த வருத்தத்தில் செய்துவிட்டேன் என்றான். கரடி பேசவில்லை. கூண்டு காட்டிலாகா கூண்டு என்றான். அதற்கும் பேசவில்லை. அவன் வேறு வழியில்லாமல் மேற்கொண்டு பேசினான். தேனடையைச் சொன்னான், இலந்தையைச் சொன்னான், நாவலை அறுத்தது, புற்றை நிரவியது எல்லாம் வந்தது. கடைசியில் பல வருடம் செல்லியைக் குத்திக்காட்டியதையும், ஆள் இல்லாதவள் என்கிற தைரியத்தில் பேசியதையும் சொன்னான். அதை அவன் சொல்லுவான் என்று மாதையன் எதிர்பார்க்கவில்லை. செல்லியும் எதிர்பார்க்கவில்லை, உள்ளே பாத்திரச் சத்தம் நின்றுபோயிற்று. அங்கிருந்து பார்த்தால் கீழே ஊர் முழுக்கத் தெரியும். அவனுடைய சாமந்தி வயல் கரட்டின் இடுப்பில் மஞ்சளாக ஏறி நின்றது. எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அவன் அதுவரை மேலிருந்து பார்த்ததே இல்லை.

கரடி எழுந்தது. மாதையன் கண்ணை மூடிக்கொண்டார். அது குகைக்குள் போய் ஒரு பெரிய தேனடையைக் கவ்விக்கொண்டு வந்து முருகேஷின் முன்னால் வைத்தது. தங்கையை அனுப்பி வைக்கும்போது வெறுங்கையோடு அனுப்புவதில்லை. முருகேஷ் அதைப் பார்த்தான். பெண்டாட்டி வீட்டிலிருந்து வந்த எதையும் வாழ்நாளில் வேண்டாமென்று சொல்லாதவன் அவன். கையைக் கூப்பினான்.

"வேண்டாங்க மச்சான்" என்றான். "குடுத்த வரைக்கும் போதுங்க."

செல்லி பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். அழுதிருந்தாள். "எடுத்துக்கங்க" என்றாள் புருஷனிடம். "இல்லாட்டி எங்கண்ணன் வருத்தப்படும்." அவன் எடுத்துக்கொண்டான்.

கரட்டில் ஏற்றியிருந்த வயலில் பாதியை முருகேஷ் அந்த வருடமே உழாமல் விட்டான். அடுத்த வருடம் மாதையனும் தன் பக்கத்தில் விட்டார். எல்லாரும் விட்டார்கள் என்று சொல்ல முடியாது. தர்மன் இன்னும் கரடியைக் கண்டால் கல் எடுக்கிறான், அவனை யாரும் குற்றம் சொல்வதில்லை. செல்லியை யாராவது, ஏம்மா உனக்குப் பொறந்த வூடு எது என்று கேட்டால் கரட்டைக் காட்டுகிறாள். கேட்டவர்கள் பெண்களாக இருந்தால், நெற்றிக்கு மேல் கை வைத்து அண்ணாந்து பார்த்துவிட்டு, தங்கள் குழந்தையைக் கூட்டிக்கொண்டு ஏற எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்கிறார்கள்.